மாம்பழம் சூடு

ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்கக் கிடந்த பங்கனபள்ளி அது. அதன்மேல் கத்தியை வைத்ததும் எண்பதைத் தாண்டிய அம்மா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "ரெண்டு துண்டுக்கு மேல வேணாம்டா, சூடு."

முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் இதைப் பொறுத்துக்கொள்வானா? வெப்பமானியை எடுத்துப் பழத்துக்குள் செருகினேன். 9 டிகிரி. கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இது காய்ச்சல் பாக்கறதுதானே? சூடு பாக்க இது எதுக்கு?"

அம்மாவுக்குக் காபியும் சூடு, பப்பாளியும் சூடு, நாட்டுக்கோழியும் சூடு. ஆட்டோ மீட்டருக்கு வைப்பதும் சூடுதான். பாடநூலோ இந்த ஒரு சொல்லை வெப்பம், வெப்பநிலை என்று இரண்டாக அறுத்து, 'வேறுபடுத்துக' என்று கேள்வியும் கேட்கிறது.

வகுப்பில் நான் கம்பி மத்தாப்பை வைத்துத்தான் வேறுபடுத்துவேன். அதிலிருந்து தெறிக்கும் பொறி 1000 டிகிரியைத் தொடும். ஆனாலும் மேலே பட்டால் ஊசி முனை அளவுக்குக்கூட உறைப்பதில்லை. எரிந்து முடிந்த கம்பியின் வெப்பநிலை அதைவிடக் குறைவு. இருட்டில் அதை மிதித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மறுவருஷ தீபாவளிவரை சொல்வார்கள். பொறியில் வெப்பநிலை உண்டு, சரக்கு இல்லை. கம்பியில் சரக்கு உண்டு. வெப்பநிலை என்பது துகள்கள் சராசரியாக எவ்வளவு துள்ளுகின்றன என்ற கணக்கு. வெப்பம் என்பது சூடானதிலிருந்து ஆறினதற்குக் கைமாறும் ஆற்றல். இந்த வரியை எழுதாமல் மாணவன் எத்தனை பக்கம் நிரப்பினாலும் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

அம்மா இது எதையும் படித்ததில்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பாள். சொய்யென்று வற்றினால் மாவை ஊற்றுவாள். துளிகள் முத்துமுத்தாக உருண்டு ஓடினால் அடுப்பைத் தணிப்பாள். அளவுக்கு மீறிக் காய்ந்த உலோகத்தில் துளிக்கு அடியில் ஆவியே ஒரு மெத்தை விரித்து, சூடு ஏறாமல் தடுத்துவிடுகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இரும்புக் கரண்டியைக் காய்ச்சிப் பார்த்து 1756இல் இதை எழுதிவைத்தார். அவருக்குத் தோசை தெரியாது, பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முட்டிவலி. இட்லியை நான் இறக்குகிறேன் என்று வீரமாகப் போய், பானை மூடியை என் பக்கமாகவே தூக்கினேன். மணிக்கட்டு வெந்தது.

முந்தின வாரம் கொதிக்கிற வெந்நீர் அதே கையில் தெறித்தபோது சிவந்ததோடு சரி. இரண்டும் 100 டிகிரிதான். வெப்பமானியைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்றே சத்தியம் செய்யும். ஆனால் ஒரு கிராம் கொதிநீர் உடம்புச் சூடான 37க்கு இறங்கும்போது தருவது 63 கலோரி. ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறுவதற்கே 540 கலோரியைக் கொட்டிவிடும். அந்த 63 அதற்குப் பிறகு தனி. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கண்டுபிடித்தார். தம் விரிவுரைகளை அவர் அச்சுக்குக் கொடுக்கவேயில்லை, வகுப்பில் சொன்னதோடு சரி. அவர் இறந்தபின் 1803இல்தான் அவை புத்தகமாயின. நோட்ஸ் போட்டு விற்காத வாத்தியார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

"ஆவி பொல்லாதது, தண்ணியவிட மோசம்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. நான் 540ஐச் சொல்ல வாயெடுப்பதற்குள் இட்லி மாவுக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள், கையில் பூச. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறின வெப்பம் இறங்கினால்தான் வேக்காடு நிற்கும். மாவு பூசினால் அதை உள்ளேயே போர்த்திவைத்த மாதிரி. குழாயடியில் 20 நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "என்னமோ பண்ணு" என்று அம்மா கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஃபிரிட்ஜிலிருந்து மாம்பழம் நறுக்கினார்கள். தட்டு என் பக்கம் வரவேயில்லை. வெந்த கைக்குச் சூடு ஆகாதாம்.