நாக்பூர் லைசென்ஸ் இல்லாத வெடி

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்துக்காரனிடம் வெடிமருந்து பற்றிப் போகிறபோக்கில் பேசிவிட முடியாது. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, கரி எவ்வளவு என்பான். அடுத்து, போர்மேன் யார், வெடிமருந்துக்கான நாக்பூர் லைசென்ஸ் உண்டா என்பான். தீபாவளி முடிந்து ஆலைகள் சாத்திக்கிடக்கும் நாட்களில் எங்கள் பக்கத்து வேன்கள் வேளாங்கண்ணி, புதுச்சேரி என்று கிளம்பும். அப்படிப் போய் மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயில் முன்னால் இறங்கினால், எங்களுக்குத் தூபத்தை முந்திக்கொண்டு மருந்து வாசனைதான் அடிக்கிறது.

சேசு சபைச் சாமியார்கள் பதினான்காம் லூயி தயவில் முதல் கோயிலைக் கட்டியது 1692-ல். 1693-ல் டச்சுக்காரன் வந்து இடித்துவிட்டான். சுண்ணாம்பு சரியாகக் காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம். அவனுக்கு மாதாவோடு ஒரு பகையும் கிடையாது. லூயியோடுதான் தகராறு. லூயி எட்டாத தூரத்தில் இருந்தார், கோயில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவசரமாகக் கட்டிய இரண்டாவது கோயிலும் நிலைக்கவில்லை. 1728-ல் தொடங்கி எட்டு வருஷம் பாடுபட்டு மூன்றாவதைப் பெரிதாகவே எழுப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்திரியாவில் யார் பட்டத்துக்கு வருவது என்று சண்டை. ஆஸ்திரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள், 1748-ல் ஆங்கிலேயத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை வளைத்தார். வெளியே பீரங்கி முழங்கிக்கொண்டிருக்க, உள்ளே கவர்னர் டூப்ளேயின் ஆட்சி செய்த காரியம், மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தது. டூப்ளேயின் மனைவிக்கு அதில் முன்வரிசைப் பங்கு. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். எங்களோடு வந்த அண்ணாச்சி ஒருவருக்கு இது தாங்கவில்லை. “எதிரி வாசல்ல நிக்கிறான், இவனுக்குப் பக்கத்து வீட்டுச் சாமியோட என்ன வம்பு தம்பி?”

அடுத்து வந்தவர் லாலி. கோபத்துக்கு மட்டும் குறைவில்லாத பிரெஞ்சுத் தளபதி. 1758-ல் கடலூர் பக்கம் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்ததோடு விடாமல் தரைமட்டமாக்கினார். பிறகு மதராஸை முற்றுகையிட்டு வெறுங்கையோடு திரும்பினார். ஆங்கிலேயர்கள் இதையெல்லாம் பேரேட்டில் பற்று எழுதி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தளபதி அயர் கூட் புதுச்சேரியை மாதக்கணக்கில் வளைத்துக்கிடந்தார். உள்ளே யானை, குதிரை, நாய் வரை தின்று தீர்த்தபின், 1761 ஜனவரியில் ஊர் பணிந்தது. மதராஸ் கவர்னர் பிகட் கடலூர்க் கணக்கை வட்டியோடு வசூலித்தார். கோட்டை போயிற்று, மாளிகைகள் போயின, மாதா கோயிலும் போயிற்று. லாலியை அவருடைய சொந்த அரசாங்கமே 1766-ல் பாரிஸில் வாயைக் கட்டி இழுத்துப்போய்த் தலையை வெட்டியது. பேசவிட்டால் யார் யாரைச் சொல்லுவாரோ!

எங்கள் தொழிலிலும் போட்டி உண்டு. ஆடிப் பதினெட்டில் பூஜை போட்ட கையோடு பக்கத்துக் கடைக்காரனின் பார்ட்டியை இழுப்போம், விலையை உடைப்போம். அவன் கிட்டங்கியை யாரும் இடித்ததில்லை. இத்தனைக்கும் இந்த டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகள் மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள்தானே!

1770-ல் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மறுபடி மாதா கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். 1773-ல் போப்பாண்டவரே சேசு சபையைக் கலைத்துவிட்டார். பாரிஸ் வேதபோதகச் சபை வேலையை ஏற்றது. 1778-ல் ஆங்கிலேயர் மறுபடி வந்து ஊரைப் பிடித்துக்கொண்டு, சில வருஷம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் கொத்தனார்கள் இரட்டை இரட்டைத் தூண்களோடு, பாரிஸ் வால் தெ கிராஸ் கோயில் சாயலில், முகப்பை முடித்ததுதான் எனக்கு இதில் பெரிய அற்புதம்.

1791 ஜூன் 20-ல் கோயில் அர்ச்சிப்பு. அதே நாள் இரவில்தான், பணம் கொடுத்த லூயியின் வம்சத்தில் வந்த பதினாறாம் லூயி, மாறுவேடத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பாரிஸைவிட்டு ஓடினார். மறுநாளே பிடிபட்டார். 1793 ஜனவரியில் அவர் தலை போனது. ஆகஸ்டில் ஆங்கிலேயர் வழக்கம்போலப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த முறை கோயிலை இடிக்கவில்லை. இடிக்கிற கூலி கட்டுப்படியாகாது என்று கணக்குப்பிள்ளை யாராவது சொல்லியிருப்பார் என்பது அண்ணாச்சியின் கட்சி.