ஈரல் போன வழி

லண்டனில் பெரிய வேலையை விட்டுவிட்டு ஒரு கிராமத்தில் குடியேறுகிறார் அகதா ரெய்சின் என்ற பெண்மணி. ஊரார் தன்னை மதிக்க வேண்டுமென்று அங்கே நடக்கும் கீஷ் போட்டியில் பெயர் கொடுக்கிறார். சமைக்கத் தெரியாது. லண்டன் கடையில் ஒன்றை வாங்கிவந்து, தான் சுட்டதாகச் சொல்லி மேசையில் வைக்கிறார். அதைத் தின்ற நடுவர் மௌத்து. எம்.சி. பீட்டன் எழுதி 1992இல் வந்த நாவல் இது. கீஷ் என்பது மாவுக் கிண்ணத்துக்குள் முட்டையும் பாலும் ஊற்றிச் சுடுகிற பண்டம். வட்டிலப்பத்துக்குச் சக்கரை போட மறந்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அது.

ரத்தம் தெறிக்காத கொலை, பொலிசை முந்திக்கொண்டு துப்புத் துலக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு. வாசித்து முடித்ததும் எனக்கும் இப்படியொன்று எழுத ஆசை வந்துவிட்டது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலென்று சொல்லப்படும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) ஒரு குழந்தையைக் களவெடுத்துக்கொண்டு போவதில்தானே தொடங்குகிறது? நமக்கும் இந்தத் துறையில் பாத்தியதை உண்டு. கதைக்களத்துக்கும் பஞ்சமில்லை. நான் பிறந்த கல்முனைக்குடியில், கடற்கரைப் பள்ளியில், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை பெயரால் கொடியேறினால் 12 நாள் ஊரே கடற்கரையில் நிற்கும். கடைசி நாள் கந்தூரிச் சாப்பாடு.

முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே சஹன் தட்டில் கைவைக்கும் ஊரில் ஒருவருக்கு மட்டும் எப்படி நஞ்சு வைப்பது? ஓர் ஆளைக் கொல்லப் போனால் ஐந்து பேர் சும்மா சேர்ந்து போவார்கள். அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் வேலை பார்த்தவர். எந்த நஞ்சு எத்தனை துளி என்பதெல்லாம் அத்துப்படி. அவரையே கந்தூரிக்குக் கூட்டி வந்து இருத்தியிருந்தாலும், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்திருப்பார்.

எனவே கொலையைக் கைவிட்டுக் களவுக்கு இறங்கினேன். அதற்கும் கற்பனை தேவைப்படவில்லை. நான் மாவடிப்பள்ளிக்கு மாப்பிள்ளையாக வந்த இரண்டாம் வருடம், வீட்டில் கத்தம் ஓதிக் கந்தூரி கொடுத்தார்கள். மௌலவியும் மரைக்காயரும் இருக்கும் முதல் சஹனுக்கென்று பொரித்து வைத்த ஈரல், கிண்ணத்தோடு காணாமல் போனது. அரை மணித்தியாலம் கழித்துக் கிண்ணம் மட்டும் கிணற்றடியில் கிடைத்தது.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "மருமகன், நீங்கதானே அந்தப் பொஸ்தகமெல்லாம் வாசிக்கிற. யாரெண்டு பாருங்க" என்றார்.

எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். துப்பறிகிறவன் ஊருக்குப் புதியவனாக இருப்பது நல்லதென்பார்கள். அந்தக் கணக்கில் கிழக்கிலங்கையின் ஒவ்வொரு மருமகனும் ஒரு ஷெர்லொக் ஹோம்ஸ்தான். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு மூளை வேலை செய்யத் தேநீர் வேண்டும். நானும் ஒரு பிளேன்டீ கேட்டேன். எல்லோரும் வேலையாக இருந்ததால் வரவில்லை.

கைரேகை பார்க்கலாமென்றால், அன்று அந்த வளவில் எண்ணெய் படாத விரலே கிடையாது. "யானையா இரிக்கும்" என்றார் கிடாரத்தடியில் நின்ற காக்கா ஒருவர். அறுவடை முடிந்த வயலுக்கு யானை வருவது உண்மைதான். ஆனால் யானை ஈரல் தின்னாது. அப்படியே தின்றாலும் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போகாது.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கழுவிக் கவிழ்த்த கிண்ணம்! முன்வளவில் இருந்த அறுபது ஆண்களையும் ஒரே மூச்சில் நிரபராதிகளென்று விடுவித்துவிட்டு, குசினிப் பக்கம் போனேன்.

மனைவியின் மூத்தம்மா பாயில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பெண்கள், திடீரென்று பேச்சை நிறுத்தியவர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈரல் காணாமல் போன செய்தியைத் தொடங்கினேன்.

"மறுகா?" என்றார் மூத்தம்மா.

மறுகா என்றால் பிறகு. எங்கள் பக்கத்துக் கிழவிகள் இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த மனிதனையும் உரித்துவிடுவார்கள். கிண்ணம் கிடைத்ததைச் சொன்னேன். மறுகா? மாமா கோபமாக இருப்பதைச் சொன்னேன். மறுகா? மாமா என்னிடம் ரகசியமாகச் சொன்னதையும், யார்மேல் சந்தேகப்படுகிறார் என்பதையும், கேட்காமலே, முதல் நாள் இரவு இரண்டு கோப்பை வட்டிலப்பத்தை மூடி திறந்து தின்றது நான்தான் என்பதையும் சொல்லி முடித்தேன். விசாரணை செய்யப் போனவன் வாக்குமூலம் கொடுத்துவிட்டு நின்றேன்.

மூத்தம்மா கட்டில் விரிப்பைத் தூக்கினார். கீழே சட்டி.

"முன்னுக்கு இருந்து தின்றவங்களுக்குச் சஹன். சுபஹுக்கு முந்தி எழும்பி வெங்காயம் உரிச்ச பொம்புளையளுக்கு? கழுவுற சஹனா? இது களவில்ல மகன், பங்கு. இவங்கட உம்மா காலத்திலயும் எடுத்துத்தான் வெச்ச."

பத்துப் பேரும் கூட்டு. கிறிஸ்டியின் நாவல் ஒன்றிலும் இதற்குக் கொஞ்சம் நெருங்கிய முடிவு உண்டு. வாசிக்காதவர்களுக்காகப் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய துப்பறிவாளருக்கு யாரும் மிளகு தூக்கலாகப் பொரித்த ஈரல் இரண்டு துண்டை உள்ளங்கையில் வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. எனக்கு வைத்தார்கள். சான்றுப்பொருளை நின்ற நிலையில் தின்றேன்.

முன்வளவில் மாமா காத்துக்கொண்டு நின்றார். "யாரு?"

"பூனை மாமா."

மாமா என் விரல்களைப் பார்த்தார். அவரும் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர்தானே.

"மறுகா?" என்றார்.