அடிக்கு ஒரு டாலர்

நெருப்பைக் கக்கிக்கொண்டு வருகிற ரயில் எஞ்சினைக் கொண்டுபோய் மரக் கொட்டகைக்குள் விடுவார்களா? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் விட்டார்கள். அதுவும் ஆற்றுக்கு மேலே.

இந்தப் புண்ணியத்தின் மூலவர் இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர். 1820இல் ஒரு பாலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய உத்தரம் வேண்டாம், கைதேர்ந்த ஆசாரியும் வேண்டாம். பலகைகளை மூங்கில் தட்டி மாதிரி குறுக்கும் மறுக்கும் வைத்து, சந்திக்கிற இடத்திலெல்லாம் துளைபோட்டு மர ஆணி இறக்கினால் பாலத்தின் பக்கம் தயார். மைல் கணக்கில் செய்து, கெஜக் கணக்கில் அறுத்துக்கொள்ளலாம் என்று ஊர் கேலி பேசியது. டவுன் கேட்ட கூலி, அடிக்கு ஒரு டாலர். சொல்லாமல் கட்டி மாட்டிக்கொண்டால் இரண்டு டாலர்.

மனிதர் 1844இல் போய்ச் சேர்ந்தார். காலப்போக்கில் காப்புரிமையும் காலாவதி. இனி ஓசி! பாஸ்டன் அண்ட் மெய்ன் ரயில்வே கம்பெனி தட்டியை இரட்டையாக்கிக் கட்டித் தள்ளியது. மற்ற கம்பெனிகளில் பெரும்பாலானவை எஃகுக்கு மாறிய பிறகும் இவர்கள் மசியவில்லை. மரம் மலிவு, சம்பளத்தில் தச்சர்கள் கையிலேயே இருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? நியூ ஹாம்ப்ஷயரின் நியூபோர்ட்டில் ஷுகர் ஆற்றின் மேல் 1907இல்கூட ஒன்று கட்டினார்கள்.

மழையில் மரம் உளுத்துவிடும் என்று மேலே கூரை, பக்கவாட்டில் பலகை. தண்ணீரிடமிருந்து காப்பாற்றித் தணலிடம் தாரைவார்த்த கெட்டிக்காரத்தனம்! உள்ளே புகை? வெர்மாண்ட்டின் வுல்காட்டில் 1908இல் வேறொரு கம்பெனி கட்டிய ஃபிஷர் பாலத்தில் கூரை முகட்டின் நீளத்துக்கும் ஒரு குட்டிக் கூரை வைத்தார்கள். நம் பழைய அடுப்படிகளின் புகைக்கூண்டேதான், என்ன, கொஞ்சம் நீளம்.

என் அபிமானம் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிற கன்டூகுக் பாலம். 1889இல் கட்டியது; மிஞ்சியிருக்கிற கூரைபோட்ட ரயில் பாலங்களில் இதுதான் மூத்தது. 1936 வெள்ளம் அதை இருந்த இடத்திலிருந்து நகர்த்தியது. 1938 புயலும் வந்து நகர்த்திப் பார்த்தது. உள்ளே ஓடிய தண்டவாளம்தான் ஆற்றோடு போய்விடாமல் பிடித்துவைத்தது. ரயில் சுமக்கப் பாலம் கட்டினால், கடைசியில் பாலத்தைச் சுமந்தது ரயில் பாதை. ரயில் நின்ற பிறகு கொஞ்ச காலம் அதைச் சரக்குக் கிடங்காகவும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் நிற்கிறது. போனால் உள்ளே நடந்து பாருங்கள். சிகரெட்டை மட்டும் வெளியிலேயே அணைத்துவிடுங்கள்.