டோர்ச் பிடித்தல்: ஹெவ்லொக் டவுன் கராஜ்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மெக்கானிக் வேலை பழக வரும் பையன் கையில் முதலில் கிடைப்பது சாவி அல்ல, டோர்ச். ஹெவ்லொக் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைக் கராஜ்களுக்கும் இது பொருந்தும். இதை எடுபிடி வேலை என்று தள்ளிய அறிஞர்கள் போனட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. தொழிலின் பாடத்திட்டம் முழுவதும் அந்த டோர்ச்சுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பதே எமது துணிபு. பாஸின் கன்னம் மட்காட்டோடு ஒட்டியிருக்கும். இரண்டு ஹோஸ்களுக்கு நடுவே ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி, ஒல்டர்நேட்டருக்குக் கீழே நட்டைத் தேடுவார். வெளிச்சம் கைக்குப் பின்னாலிருந்து வந்தால் அவருடைய நிழலே நட்டை மூடிவிடும். ஆகவே அடுத்து எந்த நட்டு கழலும், சாவி எந்தப் பக்கம் திரும்பும், வொஷர் எங்கே விழும் என்பதைப் பையன் முன்கூட்டியே கணித்தாக வேண்டும். கணிப்புப் பிசகினால், "தம்பி, நான் இஞ்சினப் பாக்கிறன், நீ ரோட்டப் பாக்கிறாய்" என்று பெறுபேறு உடனே வெளியாகும். எந்தப் பல்கலைக்கழகமும் இத்தனை விரைவில் புள்ளி வழங்குவதில்லை.

வரலாறும் எம் பக்கமே. 1948இல் வந்த மொரிஸ் மைனரில் இஞ்சின் நெடுக்காக இருந்தது. இரு பக்கமும் இடம், போனட்டைத் திறந்தால் வெயில் தானாக இறங்கும். அதை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ் 1959இல் மினியில் இஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். அல்டோ, விட்ஸ் வரை சின்னக் கார்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன, போனட்டுக்குள் நிரந்தர இருள் சூழ்ந்தது. இன்று மொரட்டுவையில் இயங்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் 1959இல்தான் உருவானது. இதைத் தற்செயல் என்பார் உளர். ஆய்வாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது. புவியியலையும் சேர்த்துக்கொள்க: ஏழாம் பாகை அகலக்கோட்டில் அந்திப்பொழுது நீளாது, "பின்னேரம் அஞ்சு மணிக்கு வாங்க" என்று சொல்லப்பட்ட வாகனம் இருட்டில்தான் முடிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று ஐந்தாண்டு அளவில் நீடித்ததால் பழைய கார்களே மீண்டும் மீண்டும் கராஜ் ஏறின. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது டோர்ச்சின் தேவையை யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

நெற்றியில் கட்டும் விளக்கு இருக்கப் பையன் எதற்கு என்பர். நெற்றி விளக்கு நெற்றி போகும் திசைக்குத்தான் போகும். ஒற்றைக் கண்ணால் இடுக்கில் பார்ப்பவரின் நெற்றி எயார் கிளீனருக்கு மட்டுமே ஒளியூட்டும். இன்னும் வலுவான மறுப்பு ஸ்கேனருடையது: செருகினால் குறை தெரிந்துவிடுமே, தடவித் தேடுவானேன்? உண்மைதான், பி0301 என்று திரையில் விழுந்தால் முதலாம் சிலிண்டரில் மிஸ்பயர். ஆனால் நான்கில் முதலாவது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்தத் திரை சொல்லாது. பாஸ் வாய் திறக்குமுன் டைமிங் செயின் பக்கம் வெளிச்சம் பிடிக்கும் பையனிடம் மறுநாள் 10 சாவியை நம்பிக் கொடுக்கலாம். 12 சாவிக்கு இன்னும் காலம் இருக்கிறது.