பழைய காருக்குப் புது கேஸ் அடிப்பது எப்படி?

வாசலில் 1992 மாடல் கான்டஸா நிற்கிறது. ஏசி சுவிட்சைப் போட்டால் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. பதற வேண்டாம். முதல் விதி: உள்ளே இருந்த கேஸ் எங்கே போனது என்று கேட்கவே கூடாது. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக். அதைத் தேடப் போனால் கம்ப்ரஸர் சீல், இறுகிப்போன ஓ-ரிங், டேஷ்போர்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும் கூலிங் காயில் என்று ஒருநாள் பிழைப்பு கெட்டுப்போகும். “அதெல்லாம் எதுக்குண்ணே, கேஸ் அடிச்சிடலாம்” என்று சொல்லும் மெக்கானிக்கைப் பிடியுங்கள். எல்லா ஊரிலும் இருப்பார்.

அந்த வண்டிக்கு விதிக்கப்பட்டது ஆர்-12 என்ற கேஸ். 1930இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்பதற்கு அதுவே சாட்சி. ஓசோனை அரிக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதைத் தடுக்க 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 2010இல் இந்தியாவும் ஆர்-12க்கு முழுக்குப் போட்டது. உங்கள் வண்டியில் மிச்சமிருப்பதை வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடுங்கள். ஒரு கிலோ போனால் பத்து டன் கரியமில வாயுவுக்கு மேல் விட்ட கணக்கு. புகை தெரியாததால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

அடுத்து, எந்த கேஸ்? சட்டம் தெரிந்தவர்கள் ஆர்-134ஏ என்பார்கள். அடிக்கலாம், ஆனால் முறையாக அடித்துத் தொலைக்காதீர்கள். பழைய மினரல் ஆயிலோடு 134ஏ கலக்காது. ஆயில் கூலிங் காயிலிலேயே தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு ஓடி ஜாம் ஆகும். அதனால் ஆயிலை மாற்றாதீர்கள். டிரையரை மாற்றாதீர்கள். அரை மணி நேரம் வேக்கம் போட வேண்டும் என்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்குமாம், அமிலமாகிக் குழாயை அரிக்குமாம். அரிக்கட்டும், அது அடுத்த வருஷப் பிரச்சினை. பழைய அளவில் எண்பது சதவீதம் போதும் என்றால் நூறையும் அடியுங்கள். மே மாத மத்தியானம் சிக்னலில் நிற்கும்போது பழைய கண்டன்சர் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டுவதை கேஜில் பார்க்கலாம்.

இதற்கே செலவாகிறதே என்பவர்களுக்கு உச்சக்கட்ட யோசனை: சமையல் கேஸ். சும்மா சொல்லக் கூடாது, குளிர் பிரமாதமாக வரும். புரொபேனும் பியூட்டேனும் நல்ல குளிரூட்டிகள். மினரல் ஆயிலோடு சண்டை போடாது, ஓசோனைத் தொடாது, எடையில் பாதிகூடத் தேவைப்படாது. இன்று வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஐசோபியூட்டேன்தான் ஓடுகிறது. ஆனால் அதில் இருப்பது சில பத்து கிராம், குழாயும் வெல்டிங் போட்டு மூடியது. உங்கள் காரிலோ ரப்பர் ஹோஸ், இன்ஜின் அதிர்வு, முன்னால் மோதினால் முதலில் நசுங்கும் கண்டன்சர். கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு நேர் எதிரே. முந்நூறு கிராம் கேஸ் விரிந்தால் சுமார் 150 லிட்டர். காருக்குள் இடம் மூவாயிரம் லிட்டர் என்று வையுங்கள். ஐந்து சதவீதம் ஆயிற்று. தீப்பிடிக்க இரண்டே போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் முதலில் காலடியில்தான் தேங்கும். லீக் ஆனால் நாற்றம் வருமே என்பீர்கள். வரும். ஆனால் நீங்கள்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பீர்களே! திரும்பி வந்ததும் புளோயரைப் போடுங்கள். பழைய மோட்டாரின் கார்பன் பிரஷ் தன் கடமையைச் செய்யும். ஆர்-12 காருக்கு இந்த வித்தை கூடாது என்று அமெரிக்கா எப்போதோ தடுத்துவிட்டது. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

கேஸ் வாங்கும்போது சிலிண்டரில் ஒட்டியிருக்கும் லேபிளை அப்படியே நம்புங்கள், அதிலும் விலை பாதியாக இருந்தால். 2011இல் 134ஏ என்று நம்பி ஏற்றிய கலப்பட கேஸால் கப்பல் குளிர்க் கன்டெய்னர்கள் வெடித்தன. வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் செத்தார்கள். உள்ளே இருந்தது மீதைல் குளோரைடு. அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சரக்கை அது உண்டாக்கும். கார் ஏசியில் அலுமினியத்துக்கா பஞ்சம்?

கடைசி வேலை: என்ன கேஸ் அடித்தீர்கள் என்று பானெட்டுக்குள் எங்கும் எழுதி வைக்காதீர்கள். “ஏசி சில்லுனு இருக்கு” என்று விளம்பரம் போட்டு வண்டியை விற்றுவிடுங்கள். வாங்கியவர் லீக் பார்க்க ஒரு பழைய கை மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். கான்டஸாவா, ஆர்-12தான் என்று அவர் தன் ஹாலைடு டார்ச்சை எடுப்பார். டார்ச்சின் உறிஞ்சு குழாயை ஜாயின்ட் பக்கம் கொண்டுபோனால், லீக் இருக்கும் இடத்தில் தீக்கொழுந்து பச்சையாக எரியவேண்டும். இந்த வண்டியில் எந்த நிறத்தில் எரிகிறது என்று பார்க்க நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.