மனு வாங்கும், வேலை செய்யாது

(இந்த வாரம் புதுச்சேரி மூலக்குளம், அதன் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கணினிக் கேள்விகள் மட்டும்.)

கே: விழுப்புரத்து அத்தை மகன் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி இப்போது என்னிடம். 2 ஜிபி ரேம். லினக்ஸ் போட்டும் மூச்சு வாங்குகிறது. என்ன செய்ய? (கல்லூரி மாணவர், மூலக்குளம்)

ப: 2011-இல் தமிழ்நாடு அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது 2 ஜிபி கௌரவமான அளவு. இன்றைய உலாவி அதை நாலு தாவலில் தீர்த்துவிடும். இசட்-ரேம் போட்டுப் பாருங்கள். அதிகம் தொடாத நினைவகப் பக்கங்களை ஹார்ட் டிஸ்குக்குத் துரத்தாமல் (அப்படித் துரத்துவதுதான் ஸ்வாப்), சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி சுருங்கினால் 2 ஜிபி சரக்கு 1 ஜிபியில் அடங்கும். மிச்சம் 1 ஜிபி வழக்கம்போல். ஆக, கையில் 3 ஜிபி. நிதின் குப்தா என்பவர் 'காம்ப்கேஷ்' என்ற பெயரில் தொடங்கிய வேலை இது. 2014-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் சோதனைப் பகுதியிலிருந்து வெளியே வந்தது. மூலக்குளத்தில் டெம்போ ஏறி இந்திரா காந்தி சிலையில் இறங்குவதற்குள் அமைத்துவிடலாம். ஆனால் எந்தக் குறிப்பைப் பார்த்து அமைக்கிறீர்கள் என்பதில்தான் வில்லங்கம்.

கே: ஒரு குறிப்பு 'ரேமில் பாதி அளவு வை' என்கிறது, இன்னொன்று 'ரேம் அளவுக்கே வை' என்கிறது. யார் பொய் சொல்வது? (அதே மாணவர்)

ப: இரண்டுமே நிஜம், தேதிதான் வேறு. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா லினக்ஸ் 33-இல் ரேமில் பாதி, அதிகபட்சம் 4 ஜிபி. ஆறே மாதத்தில் வந்த ஃபெடோரா 34-இல் ரேம் அளவு, அதிகபட்சம் 8 ஜிபி. முதல் குறிப்பை எழுதியவர் தேதி போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: 'ஸ்வாப்பினஸை 10-ஆகக் குறை' என்று எல்லோரும் சொல்கிறார்களே? (ரெட்டியார்பாளையம் வாசகர்)

ப: ஸ்வாப்பினஸ் என்பது கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப் செய்யலாம் என்று சொல்லும் எண். '10' என்பது ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் இருந்த காலத்து அறிவுரை. டிஸ்க் மெதுவானது, அங்கே போகாதே என்று அர்த்தம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்போது ஸ்வாப் மலிவு. கோப்பை டிஸ்கிலிருந்து மறுபடி படிப்பதுதான் செலவு. கணக்கு தலைகீழ். அதனால்தான் 2020-இல், 5.8 கெர்னலில், 100 வரை இருந்த இந்த எண்ணை 200 வரை நீட்டினார்கள். இசட்-ரேமோ, அதைப்போலவே ரேமுக்குள் சுருக்கி வைக்கும் இசட்-ஸ்வாப்போ வைத்திருப்பவர்கள் 100-க்கு மேல் போகலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. '10' என்பவர்கள் அதைப் படிக்கவில்லை. இசட்-ரேமைப் போட்டுவிட்டு 10 வைத்தால், போட்டதையே பயன்படுத்தாதே என்று சொன்ன மாதிரி.

கே: ஏதோ ஒரு குறிப்பைப் பார்த்து, இசட்-ஸ்வாப்புக்கு 'இசட்3ஃபோல்ட்' என்று துவக்க வரியில் எழுதினேன். புதுக் கெர்னலில் மதிக்கவே இல்லை. (அரும்பார்த்தபுரம்)

ப: ஆள் இருந்தால்தானே மதிக்க! ஒரு பக்கத்தின் இடத்தில் சுருக்கிய பக்கங்கள் இரண்டை வைப்பது இசட்பட், மூன்றை வைப்பது இசட்3ஃபோல்ட். இரண்டையும் 2025-இல் நீக்கிவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் இசட்எஸ்மாலாக் நெருக்கி அடுக்குவதில் கெட்டி, அது போதும் என்பது முடிவு. ஆவணத்தைத் திருத்தினார்கள். இணையத்தில் கிடக்கும் ஆயிரம் 'வேகமாக்கும் வழி'களை யார் திருத்துவது?

கே: அப்படியானால் கெர்னல்காரர்கள் ஆவணத்தில் சுத்தம் என்கிறீர்களா? (உழவர்கரை)

ப: சுத்தம் என்று சொல்லமாட்டேன், நாணயம் என்று சொல்வேன். இசட்-ரேமில் எத்தனை சுருக்கும் தாரைகள் வேண்டும் என்று நாமே எண் கொடுக்க ஓர் அமைப்பு இருந்தது. 2016-இல் ஒவ்வொரு ப்ராசஸர் கருவுக்கும் ஒரு தாரை என்று தானாகவே ஒதுக்கும்படி மாற்றினார்கள். அன்றிலிருந்து நீங்கள் கொடுக்கும் எண்ணை வாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாது. நம் ஊர் அலுவலகங்களில் மனு வாங்கும் ஜன்னல் மாதிரி. பழைய ஸ்கிரிப்டுகள் உடையக்கூடாது என்று ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்; 2025-இல்தான் மூடினார்கள். ஆனால் இடையில் ஆவணம் மழுப்பவில்லை: நீ என்ன எண் கொடுத்தாலும் கருவுக்கு ஒன்றுதான் என்று எழுதி வைத்திருந்தது.

எனக்குள்ள குறை வேறு. புதிதாக ஒரு துவக்க வரி சேர்த்தால் ஆவணமும் எழுது என்று கெர்னலின் சரிபார்ப்புப் பட்டியல் கேட்கும். ஏற்கெனவே உள்ள இயல்புநிலை ஒன்று சத்தமில்லாமல் மாறினால், பழைய பத்தி எங்கே பொய்யாகிறது என்று எந்தக் கருவியும் மணி அடிப்பதில்லை. நிரல் தப்பானால் கணினி நின்று காட்டிக்கொடுக்கும். பத்தி தப்பானால் கணினி ஜோராக ஓடும், மனிதர்தான் நிற்பார். எனவே நிரலை மாற்றுகிறவரே, அதே திருத்தத்தோடு, பத்தியையும் மாற்ற வேண்டும். 'ஆவணம் பின்னால் வரும்' என்கிறவரை நம்பாதீர்கள்.

கே: நிரலைவிட ஆவணம் முந்திய கதை உண்டா? (வில்லியனூர்)

ப: ஓ! 1995-இல் சாஃப்ட்ரேம் 95 என்று ஒரு சரக்கு விண்டோஸுக்கு வந்தது. ரேமைச் சுருக்கி இரட்டிப்பாக்கும் என்று அட்டைப்பெட்டி சொன்னது. பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது, அது எதையும் சுருக்கவில்லை. அந்த ஆண்டே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எழுதியதெல்லாம் அட்டையில்தான்.

கே: ஏஐயிடம் கேட்டுக்கொள்ளக் கூடாதா? (மூலக்குளம்)

ப: தாராளமாக. அது படித்ததும் அந்த ஆயிரம் குறிப்புகளைத்தான். உங்கள் கெர்னல் பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அந்தப் பதிப்போடு வந்த ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

கே: தமிழில் இந்த ஆவணங்கள் வருமா?

ப: கெர்னல் ஆவணம் சீனம், ஜப்பானியம், கொரியன், இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் ஓரளவு இருக்கிறது. தமிழில் இல்லை. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது, எனவே ஆளுக்குப் பஞ்சமில்லை. மொழிபெயர்த்த பின்பு மூலம் மாறினால் என்ன செய்வது என்பதுதான் தலைவலி. எந்த மொழிபெயர்ப்பு மூலத்துக்குப் பின்தங்கியது என்று காட்டும் ஸ்கிரிப்டே இப்போது கெர்னலுக்குள் இருக்கிறது. ஆரம்பிப்பதாக இருந்தால் இசட்-ரேம் பக்கத்தில் ஆரம்பியுங்கள். தலைப்புக்குக் கீழேயே பதிப்பு எண்ணை எழுதிவிடுங்கள்.

கே: ஆவணத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். நான் வெறும் பி.காம். அனுப்பலாமா?

ப: பட்டம் கேட்கமாட்டார்கள். யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் கெர்னலோடே வரும். சாதா எழுத்தில் மின்னஞ்சல், ஒரு திருத்தம், கீழே உங்கள் பெயரில் ஒப்பம். ஒரு வாரம் பதில் வராவிட்டால் மரியாதையாக நினைவூட்டுங்கள்.