ஒரு பகலில் பிளாரன்ஸ்

பிளாரன்ஸ் நகரத்தை ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாமென்று திட்டம் வகுத்து, அதற்குத் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுக்கும் யாத்திரிகர்களின் ஜாதகத்தில் ஏதோ விசேஷம் இருக்கவேண்டும்; ஏனெனில் உஃபிஸி சித்திரசாலையும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் நின்றருளும் அக்காடெமியாவும் கதவடைத்து ஓய்வுகொள்வது அன்றைக்குத்தான். அதனாலென்ன? மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி அந்தச் சிற்பம் 1873இல் உள்ளே குடிபுகுந்துவிட, அது முன்பு நின்ற சதுக்கத்தில் 1910இல் நிறுத்தப்பட்ட பிரதி இருக்கவே இருக்கிறது. அதன் முன்னே எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, அசலா நகலா என்று ஊரில் யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கப்போவதில்லை.

புரூனெல்லெஸ்கி 1436இல் எழுப்பி முடித்த தேவாலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. இதற்கு எதிரே, "கால் மணி நேரம்" என்று குறித்துக்கொண்டவர், திட்டக் குழுவில் தமது முழங்காலை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது ஸ்பஷ்டம்.

சாந்தா குரோச்சே ஆலயத்திலே மகாகவி தாந்தேயின் கம்பீரமான சமாதியைத் தரிசித்துக் கண்கலங்குவோர், அது காலியானது என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. உயிரோடிருந்தவரை நாடுகடத்திய பிளாரன்ஸ், பிற்காலத்தில் மனமிளகி அவருடைய அஸ்தியை யாசித்தபோது, 1321இல் அவர் கண்மூடிய ராவென்னா நகரத்தார் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே அன்பர்களே, தாந்தேயைத்தான் பார்க்கவேண்டுமென்றால் ராவென்னாவுக்கு ரயிலேறுங்கள்.